கிராமசபையில் கேட்டது திட்டத்தில் ஏற வேண்டுமா? பாலக்காட்டு எல்லைத் தமிழர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஊர் சித்தூர் தாலூக்காவில் இருக்கிறது. ஆந்திரத்துச் சித்தூர் என்று நினைத்துவிடாதீர்கள், இது பாலக்காட்டுச் சித்தூர். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் என்று கிழக்கே போகப் போக வீட்டுப் பேச்சு தமிழாகிவிடும். சந்தைக்குப் பொள்ளாச்சி, பெரிய ஆஸ்பத்திரி என்றால் கோயமுத்தூர். பஞ்சாயத்து ஆபீஸ் படியேறினால் மட்டும் மலையாளம்.

பத்து வருஷம் முன்பு முதல் தடவையாகக் கிராமசபைக்குப் போனேன். எல்.பி. ஸ்கூல் (ஆரம்பப் பள்ளி) வராந்தா, நாலு பெஞ்ச், ஒரு மைக். எங்கள் வார்டில் ஒரு நகர் இருக்கிறது. அப்போது காலனி என்றுதான் சொல்வோம்; பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அந்தச் சொல்லே வேண்டாம் என்று 2024 ஜூனில் அரசு உத்தரவு போட்டுவிட்டது. அங்கே நாற்பத்தொரு வீடுகளுக்குக் குடிநீர்க் குழாய் கிடையாது. எழுந்து நின்று பத்து நிமிஷம் பேசினேன். கைதட்டினார்கள். மெம்பர் தலையாட்டினார். டீயும் பருப்பு வடையும் கொடுத்தார்கள். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, காரியம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்தேன்.

ஒரு வருஷம் கழித்து, ஒன்றும் நடக்கவில்லையே என்று அந்தக் கூட்டத்தின் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பின் நகலை வாங்கினேன். மலையாளம் படிக்கிற என் மகள் வாசித்துக் காட்டினாள். குழாய் என்ற சொல்லே அதில் இல்லை. குடிவெள்ளப் பிரச்சினை உட்பட வளர்ச்சிக் காரியங்கள் 'சர்ச்ச செய்து' என்று ஒரே ஒரு வரி. சர்ச்ச செய்து என்றால் விவாதித்தார்கள், அவ்வளவுதான். என் பத்து நிமிஷம் அந்த ஒற்றை வரிக்குள் எங்கோ கிடந்தது.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் எல்லா வார்டிலும் இருக்கிறார்கள். நாம் கேட்பது ஒரு தீர்மானமாக எழுத்தில் ஏறி, அது ஒரு திட்டமாகி, அந்தத் திட்டத்துக்கு ஒரு நம்பர் விழும் வரை பின்னாலேயே நடப்பவர்கள்தான் குறைவு.

முதலில், நீங்கள் எந்த வார்டு?

சிரிக்காதீர்கள். 2025 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து புது மெம்பர்கள் வந்திருக்கிறார்கள். அதற்கு முன்பு கேரளம் முழுக்க வார்டு எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். பழைய வார்டு நம்பரை எழுதி மனு கொடுத்துவிட்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். புது நம்பர், புது மெம்பர், வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர், இந்த மூன்றையும் உறுதி செய்யுங்கள். பஞ்சாயத்துத் தேர்தலுக்கான பட்டியல் மாநிலத் தேர்தல் ஆணையம் தயாரிப்பது, சட்டசபைத் தேர்தல் பட்டியல் வேறு. அதில் பெயர் இருந்து இதில் இல்லாமல் போகலாம். கிராமசபையில் உறுப்பினர் ஆவது இந்தப் பட்டியலில் பெயர் இருப்பவர்தான்.

எல்லைப் பக்கத்தில் இன்னொரு பழக்கம் உண்டு, இங்கே ஒரு ஓட்டு, பொள்ளாச்சிப் பக்கம் மாமனார் வீட்டில் ஒரு ஓட்டு. அது குற்றம். உங்கள் மீது யாருக்காவது கோபம் வந்தால் முதலில் தோண்டி எடுப்பதும் அதைத்தான். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

கேரளத்தில் கிராமசபை எப்படி வேறுபடுகிறது

தமிழ்நாட்டில் கிராமசபை பஞ்சாயத்து முழுவதுக்கும் ஒன்று. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள், தேதி பெரும்பாலும் மாறாது. கேரளத்தில் ஒவ்வொரு வார்டுக்கும் தனிக் கிராமசபை. 1994ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்ட வேண்டும். வார்டு மெம்பர் கன்வீனர், பஞ்சாயத்துத் தலைவர் தலைமை தாங்குவார். வார்டு வாக்காளர்களில் பத்து சதவீதம் பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். தொடர்ந்து இரண்டு முறை கூட்டத் தவறினால் மெம்பரின் பதவியே போகும்.

'உங்களுக்கென்ன மச்சான், ஆயிரத்துச் சொச்சம் ஓட்டுக்கு ஒரு கிராமசபை, கேட்டதெல்லாம் நடக்குமே' என்பார் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் சொந்தக்காரர். பாதி உண்மை. சின்னக் கூட்டம் என்பதால் பேச நேரம் கிடைக்கும். ஆனால் தேதி நிரந்தரம் இல்லாததால் கூட்டம் நடந்ததே தெரியாமல் போய்விடும். வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால் குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் குழு அக்காமார்களிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியாமல் எந்தக் கூட்டமும் நடக்காது.

இந்தச் சட்டம் தருகிற ஓர் உரிமையைப் பெரும்பாலானோர் பயன்படுத்துவதில்லை. வார்டு வாக்காளர்களில் பத்து சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டு, என்ன விஷயம் என்று குறிப்பிட்டு எழுதிக் கொடுத்தால், பதினைந்து நாளுக்குள் சிறப்புக் கிராமசபையைக் கூட்டியே ஆக வேண்டும். 1200 ஓட்டுள்ள வார்டில் 120 கையெழுத்து. இரண்டு வழக்கமான கூட்டங்களுக்கு நடுவில் ஒரு தடவைதான் இப்படிக் கேட்க முடியும். அதனால் தெருவிளக்குக்கெல்லாம் இதை வீணாக்க வேண்டாம்.

கேட்கும் இடம் சரியா?

பாதி மனுக்கள் தவறான கதவைத் தட்டியே செத்துப்போகின்றன. கிராமச் சாலை, தெருவிளக்கு, பொதுக்கிணறு, சிறு குடிநீர்த் திட்டம், சாக்கடை, குப்பை, அங்கன்வாடி, அரசு ஆரம்பப் பள்ளி, குடும்ப ஆரோக்கிய மையம், கிருஷி பவன் (விவசாய ஆபீஸ்), மாட்டாஸ்பத்திரி, பென்ஷன், வீடு கட்டும் திட்டப் பட்டியல், இவையெல்லாம் பஞ்சாயத்தோடு சேர்ந்தவை. பெரிய ரோடு பொதுமராமத்து. பெரிய குடிநீர்த் திட்டங்கள் வாட்டர் அத்தாரிட்டி. ரேஷன் கார்டு சப்ளை ஆபீஸ். ஜாதி, வருமானச் சான்று, நிலவரி வில்லேஜ் ஆபீஸ். பஞ்சாயத்து ஆபீஸும் வில்லேஜ் ஆபீஸும் ஒன்றே என்று நினைத்து வரிசையில் நிற்பவர்கள் இன்றும் உண்டு.

எங்கள் பக்கத்துப் பெரிய ஏக்கம் ஆழியாற்றுத் தண்ணீர். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்கு வருஷம் 7.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் கிராமசபையில் யாராவது இதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். பேசட்டும், நியாயம்தான். ஆனால் அது இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் உள்ள கணக்கு. ஒரு தீர்மானம் போட்டு மேலே அனுப்புவதைத் தாண்டி வார்டால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த அரைமணியில் நம் நகருக்கு வர வேண்டிய 400 மீட்டர் குழாய் காணாமல் போகும்.

அதற்காகப் பஞ்சாயத்துக்கு அதிகாரமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். எங்களுக்கு அடுத்திருக்கும் பெருமாட்டி பஞ்சாயத்தையே பாருங்கள். அங்குள்ள பிளாச்சிமடையில் 2000இல் கோகோ கோலா ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீர் கெட்டது, வற்றியது என்று இரவாளர் ஆதிவாசிகள் 2002 ஏப்ரல் 22இல் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா. 2003 ஏப்ரலில் பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று, ஆலை மறுபடி திறக்கவே இல்லை. லைசென்ஸ் என்பது பஞ்சாயத்து மேசையில் இருக்கும் சாதாரணக் காகிதம்தான்.

தமிழில் எழுதலாமா?

எழுதலாம். அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கேட்டு எந்த அதிகாரிக்கும் அந்த மாநிலத்தில் புழங்கும் எந்த மொழியிலும் மனு கொடுக்கலாம் என்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் குறிப்பாகப் பேசுகிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் அப்படியே. பதிலும் அதே மொழியில் வர வேண்டும்.

உரிமை ஒரு பக்கம், நடைமுறை ஒரு பக்கம். தமிழ் மனுவை வாங்கிக்கொள்கிற கிளார்க்குக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றால் அது ஃபைலின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் நான் செய்வது இதுதான்: மேலே தமிழ் மனு, கீழே மலையாளத்தில் நாலு வரிச் சுருக்கம், இரண்டிலும் கையெழுத்து. வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றாவது மலையாளம் மீடியத்தில் படிக்கும், அதைப் பிடித்து உட்கார வையுங்கள். இதை விட்டுக்கொடுத்தல் என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ் மனு ரெஜிஸ்டரில் ஏறுகிறது, வேலையும் நடக்கிறது.

தகவல் உரிமை மனுவில் மட்டும் கவனம். 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலம், இந்தி, அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்றுதான் சொல்கிறது. தமிழில் எழுதினால் தள்ளிப்போட ஒரு சாக்கு கொடுத்ததாக ஆகும். அதை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கொடுத்துவிடுங்கள்.

சில மலையாளச் சொற்கள் தெரிந்தே ஆக வேண்டும். அபேக்ஷ என்றால் விண்ணப்பம். பராதி, புகார். பத்ததி, திட்டம். குணபோக்தாவு, பயனாளி. விஹிதம், ஒதுக்கிய தொகை. நிர்வஹணம், செயல்படுத்துவது. எல்லாவற்றிலும் முக்கியம் தீருமானம். மினிட்ஸில் 'சர்ச்ச செய்து' என்று இருந்தால் உங்கள் கோரிக்கை காற்றில் போயிற்று. 'சிபார்ச செய்யான் தீருமானிச்சு', அதாவது சிபாரிசு செய்யத் தீர்மானித்தது என்று இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறலாம்.

கூட்டத்துக்கு முன்பு நடக்கும் வேலை

உண்மையான கிராமசபை அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் அயல்கூட்டங்களில் நடந்து முடிந்துவிடும். குடும்பஸ்ரீ 1998இல் தொடங்கியது. பத்திலிருந்து இருபது வீட்டுப் பெண்கள் சேர்ந்தது ஓர் அயல்கூட்டம், வார்டு அளவில் ஏ.டி.எஸ்., பஞ்சாயத்து அளவில் சி.டி.எஸ். கிராமசபைக்கு வருகிறவர்களிலும் பெண்கள்தான் அதிகம். ஆண்கள் கள்ளுக்கடை வாசலில் நின்று பஞ்சாயத்தைத் திட்டுவதோடு சரி.

இரண்டாவது முறை நான் தனியாகப் போகவில்லை. மூன்று அயல்கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்து பேசினேன். நாற்பத்தொரு வீட்டையும் எண்ணியது அவர்கள்தான். எத்தனை குடம் தண்ணீர், லாரி எந்தெந்தக் கிழமை வருகிறது, கடைசி வீட்டிலிருந்து இப்போதைய குழாய் வரை எத்தனை மீட்டர், எல்லாம் நோட்டில் ஏறியது. கயிறு பிடித்து அளந்தோம். அந்த நோட்டு இல்லாமல் எழுதியிருந்தால் 'குடிநீர் வசதி செய்து தர வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருப்போம். பொத்தாம்பொதுவான கோரிக்கைக்கு எஸ்டிமேட் போட எந்த இன்ஜினியராலும் முடியாது.

கடைசியில் எழுதிக் கொடுத்தது ஏறக்குறைய இப்படி இருந்தது:

'வார்டு கிராமசபை கன்வீனர் அவர்களுக்கு. எங்கள் வார்டில் மேல்நிலைத் தொட்டியில் இருந்து அங்கன்வாடி வரை குடிநீர்க் குழாய் உள்ளது. அங்கிருந்து நகரின் கடைசி வீடு வரை சுமார் 400 மீட்டர் தூரத்துக்குக் குழாய் இல்லை. 41 வீடுகள் பாதிக்கப்பட்டுள்ளன. கோடையில் வாரம் இரண்டு நாள் லாரித் தண்ணீர் மட்டுமே கிடைக்கிறது. இந்தக் குழாய் நீட்டிப்பை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் முன்னுரிமையுடன் சேர்க்க இந்தக் கிராமசபை சிபாரிசு செய்யத் தீர்மானிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வீட்டுப் பட்டியலும் கையெழுத்துகளும் இணைக்கப்பட்டுள்ளன.'

இடம், நீளம், வீடுகளின் எண்ணிக்கை, எந்த வருஷத் திட்டம், என்ன தீர்மானம் வேண்டும். அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். மெம்பரைப் புகழ்வது, பழைய மெம்பரைத் திட்டுவது இரண்டுமே இடத்தை அடைக்கும்.

கூட்டத்தன்று

சீக்கிரம் போங்கள். கோரத்துக்குத் தலை எண்ணுவார்கள், அப்போது நீங்கள் இருந்தால் மெம்பருக்கும் சந்தோஷம். மினிட்ஸ் எழுதவும் கூட்டத்தை நடத்தவும் ஓர் ஊழியரைக் கோஆர்டினேட்டராகப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் மலையாளி, வேறு துறைக்காரர், இந்த வார்டின் சந்து பொந்து தெரியாதவர். மனுவின் ஒரு நகலை முதலிலேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். பேச்சைக் கேட்டு எழுதுவதைவிடக் காகிதத்தைப் பார்த்து எழுதுவது அவருக்கும் சுலபம்.

கூட்டம் தொடங்கியதும் நான் கேட்கிற முதல் கேள்வி: போன கூட்டத்துத் தீர்மானங்கள் என்ன ஆயின? இதைக் கேட்க நமக்குச் சட்டப்படியே உரிமை இருக்கிறது. தீர்மானத்தின் மீது என்ன நடவடிக்கை, நடக்கவில்லை என்றால் ஏன் என்று கிராமசபை அறிந்துகொள்ளலாம். அடுத்த மூன்று மாதத்தில் என்னென்ன வேலை செய்யப் போகிறார்கள், அவற்றின் எஸ்டிமேட் என்ன என்றும் கேட்கலாம். முதல் தடவை கேட்டபோது ஒரு நிமிஷம் மௌனம். இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே எங்கள் மெம்பரம்மா ஒரு பேப்பரோடு வருகிறார்.

பயனாளிப் பட்டியல் வரும்போது சத்தம் வரும். ஆடு, கோழி, தென்னங்கன்று, வீட்டு ரிப்பேர் என்று தனிநபருக்குக் கிடைக்கும் உதவிகளுக்கு முன்னுரிமை வரிசையில் பட்டியல் தயாரித்துக் கொடுப்பது கிராமசபையின் அதிகாரம். பயனாளிகளுக்கு மார்க் போடும் அளவுகோலை முதலில் வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு பெயர்களை வாசிக்கச் சொல்லுங்கள். இந்த வரிசை மாறினால் ஒரு விதவைப் பெண்ணுக்கு வர வேண்டிய ஆடு தோட்டக்காரர் வீட்டுக்குப் போகும்.

கூட்டம் கலைவதற்கு முன் அந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தை விட்டுவிடாதீர்கள். எல்லாரும் டீக்கு எழுந்துவிடுவார்கள். நீங்கள் கோஆர்டினேட்டர் பக்கத்தில் போய், 'ஸாரே, இதொந்நு வாயிச்சு கேள்ப்பிக்காமோ?' என்று கேளுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டுவார். தீருமானம் என்ற சொல் வருகிறதா, 400 மீட்டர் வருகிறதா என்று காது கொடுங்கள். இல்லையென்றால் அங்கேயே, அவர் பேனா மூடுவதற்கு முன், சேர்க்கச் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்து ஆபீஸுக்குப் போய்ச் சேர்க்கச் சொன்னால் நடக்காது.

தீர்மானம் திட்டமாக மாறும் வழி

இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். கேரளத்தில் 1996 ஆகஸ்டில் ஜனகீயாசூத்ரணம் என்ற மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குப் போகும் என்று முடிவாயிற்று. அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பதற்கு ஒரு படிவரிசையும் வந்தது. துறைவாரியான வொர்க்கிங் க்ரூப், கிராமசபை, விகசன செமினார் (வளர்ச்சிக் கருத்தரங்கு), பஞ்சாயத்துக் கமிட்டி, பிறகு மாவட்டத் திட்டக் குழுவின் அங்கீகாரம்.

வொர்க்கிங் க்ரூப்பில் பொதுமக்களும் உறுப்பினராகலாம். யாரும் ஆசைப்படுவதில்லை என்பதால் கேட்டாலே போட்டுவிடுவார்கள். குடிநீர், விவசாயம், பெண்கள், பட்டிகஜாதி (பட்டியல் சாதி) வளர்ச்சி என்று தனித்தனியாக இருக்கும். நான் குடிநீர் க்ரூப்பில் சேர்ந்தேன். மொத்தம் நாலு கூட்டம், இரண்டுக்குத்தான் டீ கிடைத்தது. ஆனால் எந்த வேலை எந்தப் பணத்தில் போகும் என்று கற்றுக்கொண்டது அங்கேதான்.

பஞ்சாயத்துக்கு ஒரே பை கிடையாது. திட்ட நிதி உண்டு, அதிலேயே பொது, பட்டிகஜாதி, பட்டிகவர்க்கம் (பழங்குடி) என்று பிரிவு. பராமரிப்பு நிதி தனி. வீட்டுவரி, லைசென்ஸ் கட்டணம் போன்ற சொந்த வருமானம் தனி. மத்திய நிதிக்குழு மானியம் தனி. 15ஆம் நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குச் சிபாரிசு செய்த கிராம மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டிப்போடப்பட்டது. எங்கள் குழாய் முதல் வருஷம் பொது நிதியில் கேட்டதால் பணம் இல்லை என்று தள்ளப்பட்டது. நகரில் பெரும்பாலும் பட்டிகஜாதிக் குடும்பங்கள், அதனால் எஸ்.சி. ஃபண்டில் கேட்கலாம் என்று க்ரூப்பில் ஓவர்சியர் ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு வருஷம் செலவாகியிருந்தது.

சாலைக்கும் இதுபோல ஒன்று உண்டு. பராமரிப்பு நிதி வேண்டும் என்றால் அந்தச் சாலை பஞ்சாயத்தின் ஆஸ்தி ரெஜிஸ்டரில் இருக்க வேண்டும். தோட்டத்துக்காரர் வாய்வார்த்தையில் விட்டுக்கொடுத்த பாதையை இருபது வருஷம் எல்லாரும் நடந்தாலும் ரெஜிஸ்டரில் ஏறாவிட்டால் ஒரு கூடை ஜல்லி விழாது. சாலை கேட்பதற்கு முன் ரெஜிஸ்டரைப் பாருங்கள்.

செமினார் நாளில் அச்சடித்த கரட்டு பத்ததி, அதாவது வரைவுத் திட்டப் புத்தகம் கொடுப்பார்கள். முன்னுரையை விட்டுவிட்டுப் பின்பக்கப் பட்டியலில் உங்கள் வார்டு நம்பரைத் தேடுங்கள். இருந்தால் தொகை எவ்வளவு என்று பாருங்கள். நாலு லட்சம் ஆகும் வேலைக்கு ஐம்பதாயிரம் போட்டிருந்தால் அது வேலையே இல்லை, வாயடைக்கப் போட்டது. அங்கேயே எழுந்து கேளுங்கள். அங்கீகாரம் கிடைத்த பிறகு திட்டத்துக்கு ஒரு நம்பர் வரும். அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஆபீஸில் 'எங்கள் குழாய் என்ன ஆச்சு' என்று கேட்க வேண்டாம், நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். பதில் சொல்கிற தோரணையே மாறிவிடும்.

வேலை நடக்கும் இடத்தில் விவரப் பலகை வைக்க வேண்டும்: எவ்வளவு தொகை, யார் காண்ட்ராக்டர், எப்போது முடிய வேண்டும் என்று. பலகை இல்லை என்றால் அதுவே முதல் பராதி. எஸ்டிமேட் நகல் கையில் இருந்தால் குழாய் எத்தனை அங்குலம், எவ்வளவு ஆழத்தில் புதைக்க வேண்டும் என்று நாமே பார்க்கலாம். எங்கள் நகரில் ஆழம் அளந்தது எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டி, தன் ஊன்றுகோலால். காண்ட்ராக்டரின் ஆள் முதலில் சிரித்தான், பிறகு மறுபடி தோண்டினான்.

கவுண்டர் வேலைகளில் எல்லைக்காரர்கள் சிக்கும் இடங்கள்

குழந்தை கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பிறந்தால் பிறப்புப் பதிவு அங்கேதான். நம் பஞ்சாயத்தில் கேட்டுப் பயனில்லை. இறப்பும் அப்படியே. நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு, 21 நாளுக்குள் சொன்னால் கட்டணம் இல்லை. கல்யாணத்திலும் இதே கதை. பழனியில் தாலி கட்டிவிட்டு இங்கே வந்து பதிவு கேட்பவர்கள் மாதம் ஒருவராவது உண்டு. கேரளத்துக்குள் நடந்த கல்யாணம் என்றால், நடந்த இடத்துப் பஞ்சாயத்தில் 45 நாளுக்குள் பதிய வேண்டும்.

பெயர் இன்னொரு தலைவலி. ஆதாரில் ஓர் எழுத்து, ரேஷன் கார்டில் ஓர் எழுத்து, தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், இங்கே வீட்டுப்பெயர் பின்னால். பென்ஷன், வீடு எதற்கு விண்ணப்பிக்கும் முன்பும் எல்லாக் காகிதத்தையும் தரையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

நகராட்சிகளில் 2024 ஜனவரியில் தொடங்கிய கே-ஸ்மார்ட் என்ற ஆன்லைன் சேவை 2025 ஏப்ரலில் கிராம பஞ்சாயத்துகளுக்கும் வந்துவிட்டது. பெரும்பாலான விண்ணப்பங்கள் அதில்தான். போனில் செய்ய முடியாதவர்கள் அக்ஷயா என்ற இ-சேவை மையத்துக்குப் போகலாம். எங்கே செய்தாலும் ரசீதில் இருக்கும் விண்ணப்ப எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 'சேட்டா பார்த்துக்கலாம்' என்று வாயால் சொன்ன விண்ணப்பத்துக்கு எண்ணும் கிடையாது, நாளும் கிடையாது.

நடக்காவிட்டால்

முதலில் ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கும் பௌராவகாச ரேகையை, அதாவது மக்கள் சாசனத்தைப் பாருங்கள். எந்தச் சேவைக்கு எத்தனை நாள் என்று அதில் இருக்கும். நாள் தாண்டினால் சேவை உரிமைச் சட்டப்படி மேல் அதிகாரிக்கு அப்பீல் போகலாம், காரணமில்லாமல் தாமதித்தவருக்கு அபராதம் விழவும் வழி உண்டு. நான் பார்த்தவரை அப்பீல் மனு எழுதிக்கொண்டு போய், கொடுப்பதற்கு முன் செக்ரட்டரியிடம் ஒரு தடவை காட்டினாலே பாதிக் காரியம் முடிந்துவிடும். சண்டை போட வேண்டிய அவசியம் பல நேரம் வருவதில்லை.

பணத்தில் சந்தேகம் என்றால் தகவல் உரிமை. பத்து ரூபாய் கட்டணம், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் பதில். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் அப்பீல், அதற்குப் பிறகு தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், வியாக்கியானம்தான் வரும். இன்ன நம்பர் திட்டத்தின் எஸ்டிமேட் நகல், அளவுப் புத்தக நகல், பில் கொடுத்த தேதி என்று காகிதத்தைக் கேளுங்கள்.

ஊழல், முறைகேடு என்று தெளிவாகத் தெரிந்தால் அதை விசாரிக்க உள்ளாட்சி ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். பஞ்சாயத்து எடுத்த முடிவே தவறு, லைசென்ஸ் மறுத்தது, கட்டிட அனுமதி மறுத்தது என்றால் ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்). இரண்டுமே திருவனந்தபுரத்தில். எங்களுக்கு அது கோயமுத்தூரைவிட எத்தனையோ மடங்கு தூரம், அதனால் கையில் காகிதம் முழுசாகச் சேர்ந்த பிறகே அந்தப் பக்கம் போங்கள்.

எங்கள் குழாய்க்கு மொத்தம் மூன்று வருஷம் ஆயிற்று. தண்ணீர் வந்த அன்று பாட்டி குடத்தை வைத்துவிட்டு, 'இத்தனை கையெழுத்துக்கு இவ்வளவுதான் தண்ணியா?' என்றார். அவர் சொன்னதும் சரிதான். மேட்டில் இருக்கும் கடைசி நாலு வீடுகளுக்கு இன்னும் அழுத்தம் போதவில்லை, விடியற்காலை நாலு மணிக்கு மட்டும் சொட்டுகிறது. அளவெல்லாம் எடுத்து நோட்டில் வைத்திருக்கிறோம். அடுத்த கிராமசபைக்கு மெம்பரம்மா இன்னும் தேதி சொல்லவில்லை.